எல்லைப் பக்கக் கடைகளில் கோழி மண்குளியல் சாமான்: எதற்குக் காசு கொடுக்கலாம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று எந்தச் செக்போஸ்ட் வழியாகப் போனாலும், இரண்டு பக்கத்துத் தீவனக் கடைகளிலும் பெட் ஷாப்புகளிலும் கோழி மண்குளியலுக்கு என்று கேட்டால் ஏதாவது ஒன்றை எடுத்து வைக்கிறார்கள். டயட்டமேசியஸ் எர்த் என்கிற வெளிர் தூள், ஹாம்ஸ்டருக்கென்று வரும் குளியல் மணல், பிளாஸ்டிக் தொட்டி, பேன் பவுடர். வீட்டில் ஐந்தாறு கோழி வைத்திருப்பவர் இதில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காசு போட வேண்டியது கூரைக்குத்தான். தூள் இரண்டாம் பட்சம், அதுவும் பேன் விழுந்த சமயத்துக்கு மட்டும். மீதி எல்லாம் தோட்டத்திலேயே கிடக்கிறது.

கோழி குளிப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் அதற்கு என்ன வேண்டும் என்பது தானாக விளங்கும். முதலில் காலால் கிளறும், அலகால் மண்ணைத் தன் நெஞ்சுப் பக்கம் இழுக்கும். பிறகு உட்கார்ந்து, இறகையெல்லாம் சிலிர்த்து, றெக்கையை அடித்து அடித்து மண்ணை முதுகில் ஏற்றும். தலையை மண்ணில் தேய்க்கும். ஒருக்களித்துப் படுத்து ஒரு காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடிக் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் கோழி செத்துவிட்டதோ என்று பதறி ஓடி வருவது இந்தக் கட்டத்தில்தான். அடித்தூவி வரைக்கும் மண் இறங்கிய பிறகு எழுந்து நின்று ஒரே உதறு. அந்த உதறலில் தூசியோடு சேர்ந்து இறகில் படிந்த பழைய எண்ணெய்ப் பசையும் செதிலும் பேனில் ஒரு பங்கும் வெளியே போகிறது. ஒரு குளியலுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் உச்சிப்பொழுதில், வெயிலும் வெளிச்சமும் ஏறின பிறகு.

அதனால் மண் தூவிக்குள் இறங்குகிற அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். உதறினால் ஒட்டாமல் விழ வேண்டும். கோழி பாதி உடம்பாவது புதைகிற ஆழமும் வேண்டும். கடைச் சாமானையும் இதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ஹாம்ஸ்டர் குளியல் மணல் முதல் இரண்டிலும் தேறிவிடும். சலித்த, தூசியில்லாத, உலர்ந்த மணல். ஆனால் ஆழத்தில் விழுந்துவிடுகிறது. ஆறு கோழிக்கு உள்ளளவு இரண்டடிக்கு மூன்றடி இடம் வேண்டும், மண் அரையடி ஆழம் நிற்க வேண்டும். அது 3 கன அடி, அதாவது 85 லிட்டர். எடையில் 110 கிலோவுக்குக் குறையாது. இந்த மணல் கிலோக் கணக்கில், சின்னச் சின்னப் பையில் வருகிறது. ஐந்து கிலோப் பையைப் பிரித்து இந்தப் பெட்டியில் பரப்பினால் ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. பிறந்து பத்து நாள் ஆன குஞ்சுகளுக்கு ஒரு சின்னத் தட்டில் போட்டு வைக்க வேண்டுமானால் சரி, பெரிய கோழிக்கு வாங்க வேண்டாம்.

அதே அலமாரியில் பூனை மணலும் இருக்கும். ஈரம் பட்டால் கட்டி சேர்கிற வகை அது, பெரும்பாலும் பென்டோனைட் களிமண். எச்சம் பட்ட இடம் உருண்டு கட்டியாகும், இறகில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும், கொத்தித் தின்றால் தீவனப் பையில் ஊதும். மண்குளியலுக்கு ஆகவே ஆகாது.

டயட்டமேசியஸ் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிற பொருள், ஆனால் விற்பவர்கள் சொல்கிற மாதிரி எல்லா நாளும் போட வேண்டிய பொருள் இல்லை. நுண்ணிய பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான பாறையைப் பொடித்தது அது. பூச்சியின் உடம்பு மேலுள்ள மெழுகுப் பூச்சை உறிஞ்சி, உடம்பு நீரை இழக்கச் செய்து கொல்லும். உலர்ந்திருந்தால்தான் இந்த வேலை நடக்கும், ஈரமானால் அது வெறும் சேறு. கலிஃபோர்னியாவில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், டயட்டமேசியஸ் எர்த் கலந்த மண்பெட்டியைப் பயன்படுத்திய கோழிகளில் ஒரே வாரத்தில் செல்லு என்கிற பொடிப் பூச்சியும் பேனும் 80 முதல் 100 சதவீதம் குறைந்தன. கயோலின் களிமண்ணுக்கும் அதே பலன் கிடைத்தது. பெட்டிக்குள் இறங்காத கோழிகளுக்கு இவை இரண்டும் போதவில்லை. கந்தகம் கலந்த பெட்டி மட்டும் அதில் இறங்காமல் கூட இருந்த கோழிகளின் செல்லையும் சேர்த்து இறக்கியது. கந்தகம் என்று உரக்கடையில் கேட்டால் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற குருணையை எடுத்துக் கொடுப்பார்கள், அது வேறு. கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மட்டுமே கந்தகத்தின் பக்கம் போகலாம்.

டயட்டமேசியஸ் எர்த் வாங்கும்போது பையில் உணவுத்தரம் என்று இருக்கிறதா பாருங்கள். நீச்சல்குள வடிகட்டிக்கு வருவது சுட்டெடுத்த வகை, அதில் படிகச் சிலிக்கா நிறைய இருக்கும், மனுஷ நுரையீரலுக்கும் கோழி நுரையீரலுக்கும் கேடு. உணவுத்தரத் தூளையும் மூக்கு வாய் மூடித்தான் கொட்ட வேண்டும். கலக்கும்போது கோழிகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒரு கிலோ என்பது எடைக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் மூன்று நான்கு லிட்டர் இடம் பிடிக்கும், அவ்வளவு இலேசான தூள். 85 லிட்டர் மண்ணிலும் அதைக் கரைத்துவிட்டால் பலன் நீர்த்துப் போகும். மேல் இரண்டு அங்குலத்தில் மட்டும் கலந்து மூன்று நான்கு வாரம் விட்டுவைத்து, பேன் அடங்கினதும் நிறுத்திவிடலாம். பேனின் முட்டை பொரிந்து வளர்ந்து மறுபடி முட்டை வைக்க மூன்று வாரத்துக்குப் பக்கம் ஆகும், அதற்கு முன்னால் நிறுத்தினால் அடுத்த தலைமுறை வந்து நிற்கும். வருஷம் முழுக்கப் போட்டுவைத்தால் தூசி சுவாசிக்கிற கெடுதல்தான் மிச்சம்.

பேன் இருக்கிறதா என்று தெரியாமல் தூள் வாங்கவும் வேண்டாம். சாயங்காலம் கோழியைப் பிடித்து, மலவாய்க்குக் கீழே உள்ள தூவியை விரலால் இரண்டாக விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் வேகமாக ஓடுவது பேன். இறகின் அடிக்காம்பில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக, சர்க்கரை ஒட்டின மாதிரி இருப்பது அதன் முட்டை, ஈர். கறுப்பாக அழுக்குப் படிந்த தூவியும் கையில் ஏறுகிற பொடிப் பூச்சியும் இருந்தால் செல்லு. பகலில் கோழி மேல் ஒன்றுமே இல்லாமல், ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் சிவப்பாக ஊர்கிறது என்றால் அது கூண்டின் மரப்பிளவில் குடியிருக்கும் சிவப்புச் செல்லு. அதற்கு மண்குளியல் மருந்தாகாது. கூண்டைக் கழற்றி, அடைகிற கம்பையும் மூட்டுகளையும் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும்.

பேன் பவுடர் என்று கையெழுத்தில் மட்டும் பேர் எழுதிய பொட்டலமாக வருவதை எந்தக் கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே என்ன பூச்சிக்கொல்லி என்று தெரியாது. கோழி அதைத் தூவிக்கொள்வதோடு நிற்பதில்லை, கொத்தித் தின்னவும் செய்யும், அது முட்டைக்கு வரும். பழைய ஆட்கள் மண்ணில் கலந்த பி.ஹெச்.சி. பூச்சிக்கொல்லித் தூள் 1997-லேயே நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எறும்புச் சாக்கட்டியைப் பொடித்துக் கலப்பதும் அதே தப்பு. மருந்து போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் மருத்துவர் எழுதிக் கொடுப்பதைக் கோழி மேல் போட வேண்டும், குளிக்கிற குழியில் கொட்டக் கூடாது. எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனித் தொட்டிகள். அன்னக்கூடை பெரிய அளவில் வாங்கினால் இரண்டு கோழி மாற்றி மாற்றிக் குளிக்கலாம், மொட்டைமாடிக்குப் பொருத்தம். குறை என்னவென்றால் வெயிலில் ஒரு வருஷத்தில் விளிம்பு வெடிக்கும், கோழி விளிம்பில் ஏறி நின்றால் கவிழும், ஆகவே சுற்றிலும் நாலு செங்கல் அணை கொடுக்க வேண்டும். லாரி டயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உட்பக்கக் குழிவில் மழைத்தண்ணீர் நின்று கொசு வைக்கும். அடிப்பக்கம் துளை போடாமல் டயரை வைக்கவே வேண்டாம். சிமெண்ட் உறை ஒன்று, இரண்டரை அடி விட்டத்தில், இருக்கிறதிலேயே உழைக்கும். மரப்பெட்டி அழகு, இந்தப் பக்கம் கரையான் விடாது. எல்லாவற்றையும்விடச் சிக்கனம், காரை வைக்காமல் அடுக்கிய செங்கல் கட்டு. நாலு வரிசை, ஓரடி உயரம், அறுபது கல் இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரிசையை எடுத்துவிட்டால் அதுதான் வாசல். வேண்டாதபோது பிரித்து வேறிடம் அடுக்கலாம். ஓரடிக்குக் குறைத்துக் கட்டினால் உதறுகிற மண்ணில் பாதி வாரத்துக்குள் வெளியே போய்விடும்.

கேரளப் பக்கம் வீட்டுக்கு வீடு வைக்கிற கம்பிக் கூண்டுகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பிவி 380 போன்ற முட்டைக் கோழிகளோடு, தண்ணீர் குடிக்கிற நிப்பிளும் தீவனத் தொட்டியும் பொருத்தி விற்கிறார்கள். சுத்தமாக இருக்கும், எச்சம் கீழே விழும், முட்டை உருண்டு வரும். மண் மட்டும் இல்லை. மண் இல்லாவிட்டாலும் கோழி குளிக்கும். வெறும் கம்பி மேல் படுத்து, இல்லாத மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும், தீவனத்தை அலகால் இழுத்து நெஞ்சில் தேய்க்கும். தீவனம் வீணாகிறது என்று வருகிற புகாரில் ஒரு பங்கு இதுதான். பார்க்கச் சங்கடமாக இருக்கும். கூண்டை விற்பவர்கள் ஒரு மண்தட்டைச் சேர்த்தே கொடுக்கலாம், கொடுப்பதில்லை. வாங்கியவர்கள் ஓரடிக்கு ஒன்றரை அடித் தட்டில் மூன்று அங்குலத்துக்கு மணல் போட்டு, மதியம் ஒரு மணிக்கு மேல் வைத்துச் சாயங்காலம் எடுத்துவிடலாம். காலையில் வைத்தால் கோழி அதிலேயே முட்டை போட்டுவிடும். கதவைத் திறந்து மாடியில் விட வசதி இருந்தால் அன்னக்கூடை போதும்.

மண்ணுக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கரிசல் மண், கேரளத்தில் வேறெங்கும் பார்க்க முடியாத மண். பயிருக்கு உயிர், குளியலுக்கு உதவாது. காய்ந்தால் பாளம், நனைந்தால் பசை. இடித்துச் சலித்துப் போட்டாலும் முதல் ஈரத்தில் மறுபடி கட்டியாகிவிடும். வாழை, காய்கறித் தோட்டத்து மண்ணை எடுக்க வேண்டாம், குருணை மருந்து போட்ட நிலமாக இருக்கும். மருந்து படாத வரப்போரத்துச் செம்மண்தான் நல்லது. இடித்து, கொசுவலையை இரண்டாக மடித்து அதில் சலித்து, தார்ப்பாயில் இரண்டு நாள் கடும் வெயிலில் காயவைத்த செம்மண்.

கலவை அளவைச் சாந்துச் சட்டிக் கணக்கில் சொல்கிறோம். ஒரு சட்டி பத்து லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். செம்மண் ஐந்து சட்டி, மணல் இரண்டு சட்டி, விறகுச் சாம்பல் ஒரு சட்டி. மேலே சொன்ன இரண்டுக்கு மூன்று பெட்டி இதில் நிறைந்துவிடும். ஆற்று மணல் கிடைக்காதவர்கள் பூச்சுக்கு வருகிற பி-சாண்டைக் கழுவிக் காயவைத்துப் போடலாம். கழுவுவதை விட்டுவிடக் கூடாது, அதிலுள்ள மாவு கல்தூசி. கிரஷர் தூளை நேராகக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கருங்கல் தூசியைக் கோழிக்கு மூச்சோடு கொடுப்பது அது. வேப்பிலைப் பொடி இரண்டு கைப்பிடி போட்டால் கெடுதல் இல்லை, அதை நம்பி பேனை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் கிடக்கிறது, சும்மா கிடைக்கிறது, மெத்து மெத்தென்று இருக்கிறது. கோழிக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்த ஊர்க் காற்றுக்கு அது சரிப்படாது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆனி ஆடியில் தொட்டால் சில்லென்று இருக்கும். நனைந்த நார்க்கழிவில் பூஞ்சணம் பிடித்தால் அதைச் சுவாசிக்கிற கோழிக்கு நுரையீரல் நோய் வரும். மாசி முதல் சித்திரை வரை, பெட்டியில் கால் பங்குக்கு மேல் போகாமல் கலப்பதென்றால் கலக்கலாம்.

சாம்பலில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. எட்டில் ஒரு பங்கு என்று சொன்னதை யாராவது பாதிக்குப் பாதி ஆக்கிவிடுகிறார்கள். சாம்பல் காரம். ஈரம் சேர்ந்தால் காரநீராகி உள்ளங்காலையும் நெஞ்சுத் தோலையும் புண்ணாக்கும். இங்கே அடுப்பெரிவது பெரும்பாலும் தென்னை மட்டையும் தேங்காய் மட்டையும். அந்தச் சாம்பலில் பொட்டாஷ் கூடுதல், காரமும் கூடுதல். அளவைக் குறைத்து அரைச் சட்டி போடுங்கள். அடுப்பிலிருந்து எடுத்து இரண்டு நாள் இரும்புச் சட்டியில் ஆறவிட வேண்டும், நடுவில் கங்கு உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் கவர், பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் எரித்த சாம்பல் கூடாது, நிலக்கரிச் சாம்பலும் கூடாது. பாலக்காட்டு அரிசி மில்களில் கிடைக்கிற உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. வெள்ளையாக வெந்தது படிகமாகியிருக்கக்கூடும், அதை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு, சுட்டதானாலும் நீற்றியதானாலும், குழிக்குள் வேண்டாம். கூண்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்து கூரை சரியில்லை என்றால் எல்லாம் சேறு. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கிற ஊர்கள் இவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வருகிற காற்று மழையைப் படுக்கைவசமாக அடிக்கும், தலைக்கு மேல் மட்டும் தகரம் வைத்தால் போதாது. மேற்குப் பக்கம் தரையிலிருந்து இரண்டரை அடிக்குச் சுவரோ தகரமோ முழுதாக மூட வேண்டும், கூரை அந்தப் பக்கம் ஒன்றரை அடி வெளியே நீள வேண்டும். வாசல் கிழக்கே. மார்கழி தையில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடித்து மண்ணை வாரும், அப்போது வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும். கூரைக்கு வெளிச்சம் விடுகிற ஃபைபர் ஷீட்தான் எங்கள் தேர்வு. வெளிச்சமும் கதகதப்பும் இருந்தால்தான் கோழி குளிக்கவே இறங்கும், இருட்டு மூலையில் எவ்வளவு நல்ல மண் போட்டாலும் அது சும்மா கிடக்கும். சித்திரை வெயிலில் ஷீட் மேல் நாலு கீற்றைப் போட்டுவிட்டு, மழை தொடங்கியதும் எடுத்துவிடலாம். தரையை ஒரு சாண் உயர்த்தி, செங்கல் ஜல்லி பரப்பி, அதன் மேல் பெட்டி. சுற்றி ஒரு சின்ன வாய்க்கால். கீழிருந்து ஏறுகிற ஈரம் மேலிருந்து விழுகிறதைவிடத் தெரியாமல் கெடுக்கும்.

ஈரம் பார்க்க ஒரு பிடி மண்ணை அழுத்திப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்து விழுந்தால் நல்லது. விரல் தடத்தோடு உருண்டையாக நின்றால் அன்றைக்கே அள்ளிக் காயப்போட வேண்டும். ஆடி மாதத்துக்கென்று இரண்டு சாக்கு காய்ந்த மண்ணைப் பங்குனியிலேயே கட்டி உள்ளே வைத்துவிடுவது நல்லது, அடைமழையில் காய்ந்த மண் எங்கேயும் கிடைக்காது.

வாரத்துக்கு ஒருமுறை எச்சத்தையும் இறகையும் சலித்தெடுத்து, குறைந்த மண்ணை நிரப்புங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாக மாற்றி, பழையதைத் தென்னைப் பாத்தியில் கொட்டலாம். ராத்திரி பெட்டியைக் கம்பிவலையால் மூடாவிட்டால் பூனை அதைக் கக்கூஸாக்கிக்கொள்ளும், அதை நிறுத்துவது பெரும்பாடு. பெரிய கோழி குளித்த பழைய மண்ணில் குஞ்சுகளை விடாதீர்கள், இரத்தக் கழிச்சல் கிருமி அதில் இருக்கும். குஞ்சுக்குப் புதிய மண், மணல் மட்டும், சாம்பலும் தூளும் இல்லாமல்.

ஒன்றில் மட்டும் மண்குளியல் பெட்டியே எதிராகத் திரும்பும்: தெள்ளு. கொண்டை, கண்ணோரம், தாடியில் கறுப்புப் புள்ளிகளாகக் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் போகாது. அதன் புழு வளர்வது காய்ந்த பொலபொலப்பான மண்ணில்தான், அதாவது நாம் இத்தனை பாடுபட்டுச் செய்து வைத்திருக்கிற அதே மண்ணில். தெள்ளைக் கண்டால் பெட்டி மண் முழுவதையும் அள்ளித் தூரமாகக் குழிதோண்டி மூடி, செங்கல்லைப் பிரித்து வெயிலில் போட்டு, அடியிலுள்ள ஜல்லியையும் மாற்றுங்கள். முகத்தில் ஒட்டியிருப்பவற்றின் மேல் விரலால் வாஸ்லைன் தடவினால் மூச்சடைத்து விழும், கண்ணில் படாமல் தடவ வேண்டும். நாய், பூனைக்கும் அது தொற்றியிருக்கும், அவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் வரை புது மண் கொட்ட வேண்டாம்.